திண்டுக்கல் மாவட்டத்தில் பணவீக்கத்தின் விளைவுகள்

பணவீக்கம் என்பது ஒரு பொருளாதாரத்தில் பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் பொது விலைமட்டம் தொடர்ந்து உயர்ந்து செல்லும் நிலையைக் குறிக்கும். விலைமட்டம் உயரும்போது பணத்தின் வாங்கும் திறன் குறைகிறது. அதாவது, அதே தொகையைக் கொண்டு முன்பைவிடக் குறைவான பொருள்களையே வாங்க இயலும். தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் காய்கறி வேளாண்மை, நூற்பாலைகள், பூட்டுத் தொழில், ஊரகக் கூலி வேலை ஆகியவை அருகருகே அமைந்துள்ளன. ஆதலால், ஒரே பணவீக்கம் வெவ்வேறு பிரிவினரை எவ்வாறு வெவ்வேறாகத் தாக்குகிறது என்பதை விளக்க இம்மாவட்டம் ஏற்ற எடுத்துக்காட்டாகும். ஒருவர் பணவீக்கத்தால் இழக்கிறாரா, இல்லையா என்பது விலைகள் எவ்வளவு உயர்ந்தன என்பதை மட்டும் பொறுத்ததன்று. அவரது வருவாய் எப்போது, எந்த அளவுக்குத் திருத்தப்படுகிறது என்பதையும் பொறுத்தது.

அளவிடும் முறை

ஒரு பொருளின் விலை மட்டும் உயர்வது பணவீக்கம் ஆகாது. ஒரு குடும்பம் வாங்கும் பல பொருள்களையும் சேவைகளையும் ஒரு கூடையாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் செலவில் அதற்குள்ள பங்குக்கு ஏற்ப எடை கொடுத்து, நுகர்வோர் விலைக் குறியீட்டெண் கணக்கிடப்படுகிறது. இக்குறியீடு ஓராண்டில் எத்தனை விழுக்காடு உயர்ந்தது என்பதே பணவீக்க வீதம் ஆகும்.

2012ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் தொடரில் உணவு, பானங்கள் ஆகியவற்றின் எடை 45.86 ஆகும். எரிபொருள், விளக்கு ஆகியவற்றுக்கு 6.84, வீட்டு வாடகை சார்ந்த செலவுக்கு 10.07 என எடைகள் அமைந்திருந்தன. இவை சராசரிகளாகும். வருவாயில் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடும் ஒரு கூலித் தொழிலாளியின் கூடையில் உணவின் பங்கு இதைவிடக் கூடுதலாக இருக்கும். எனவே உணவு விலை ஏறும்போது, அறிவிக்கப்படும் வீதத்தைவிட அவர் உணரும் பணவீக்கம் அதிகமாகும்.

தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீடு தனியே தொகுக்கப்படுகிறது. அதற்கு விலைகள் திரட்டப்படும் நகரங்களுள் திண்டுக்கல்லுக்கு அண்மையிலுள்ள மதுரையும் ஒன்று. அரசு ஊழியர்களின் அகவிலைப்படி இக்குறியீட்டை அடிப்படையாகக் கொண்டே கணிக்கப்படுகிறது.

காரணங்கள்

பணவீக்கத்தின் காரணங்களைப் பொருளியலாளர் பொதுவாக இரு வகையாகப் பிரிப்பர். பொருள்களின் அளிப்பைவிட அவற்றுக்கான தேவை விரைந்து பெருகுவதால் ஏற்படுவது தேவை சார்ந்த பணவீக்கம். மூலப்பொருள், எரிபொருள், போக்குவரத்து போன்றவற்றின் செலவு உயர்வதால் ஏற்படுவது செலவு சார்ந்த பணவீக்கம்.

இரண்டாவது வகைக்கு நூற்பாலைகள் எடுத்துக்காட்டாகும். வேடசந்தூர் வட்டத்திலும் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் நூற்பாலைகள் மிகுந்துள்ளன. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கண்டி ஒன்றுக்கு (356 கிலோகிராம்) ஏறத்தாழ 45,000 ரூபாயாக இருந்த பஞ்சு விலை, 2022 மே மாதத்தில் ஒரு இலட்சம் ரூபாயை எட்டியது. நூல் விலை உயர்ந்தது. அதனைத் தொடர்ந்து துணி, பின்னலாடை ஆகியவற்றின் விலைகளும் உயர்ந்தன. பஞ்சு இறக்குமதி மீதிருந்த 11 விழுக்காட்டு வரியை நடுவண் அரசு 2022 ஏப்ரலில் தற்காலிகமாக நீக்கியது. மூலப்பொருளின் விலையேற்றம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கடத்தப்பட்டு இறுதியில் நுகர்வோரை அடைவதை இந்நிகழ்வு காட்டுகிறது.

காய்கறி விலையும் உழவரும்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்றாகும். இங்கிருந்து கேரளத்துக்குப் பெருமளவில் காய்கறிகள் அனுப்பப்படுகின்றன. அய்யலூரில் தக்காளிச் சந்தை இயங்குகிறது. இதனால் காய்கறி விலையேற்றம் இம்மாவட்டத்தில் செலவாகவும் வருவாயாகவும் ஒரே நேரத்தில் அமைகிறது.

2023 சூலையில் நாடெங்கும் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைக் கடந்தது. அம்மாதம் இந்தியாவில் காய்கறிகளின் விலை முந்தைய ஆண்டைவிட 37 விழுக்காடு உயர்ந்திருந்தது. மொத்தப் பணவீக்க வீதம் 7.44 விழுக்காடாயிற்று. தமிழ்நாட்டு அரசு நியாயவிலைக் கடைகள் வழியாகத் தக்காளியைக் கிலோ 60 ரூபாய்க்கு விற்பனை செய்தது. புதிய விளைச்சல் வரத்தொடங்கியதும் விலை சரிந்து, செப்டம்பரில் பணவீக்க வீதம் 5.02 விழுக்காடாகக் குறைந்தது.

விலை உயர்ந்தபோது அவ்வுயர்வு முழுவதும் உழவரைச் சென்றடைவதில்லை. 2024இல் வெளியான இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் கட்டுரை ஒன்றின்படி, தக்காளிக்கு நுகர்வோர் செலுத்தும் ஒரு ரூபாயில் ஏறத்தாழ 33 காசும், வெங்காயத்துக்கு 36 காசும் மட்டுமே விளைவிப்பவருக்குக் கிடைக்கின்றன. எஞ்சிய பகுதி போக்குவரத்து, தரகு, சேதாரம், மொத்த, சில்லறை வணிகரின் ஆதாயம் ஆகியவற்றுக்குச் செல்கிறது. மேலும், விலை உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் விளைச்சல் குறைந்த காலத்திலாகும். அப்போது விற்பதற்கு உழவரிடம் சரக்கு குறைவாகவே இருக்கும்.

இதற்கு மாறான நிலையும் உண்டு. 2025 அக்டோபரில் இந்தியாவின் பணவீக்க வீதம் 0.25 விழுக்காடாகப் பதிவாயிற்று. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரில் அதுவரை பதிவான வீதங்களுள் இதுவே மிகக் குறைந்தது. அம்மாதம் காய்கறிகளின் விலை முந்தைய ஆண்டைவிட 27 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. நுகர்வோருக்கு ஆறுதலளித்த இந்த விலைச்சரிவு, உரம், டீசல், ஆள்கூலி ஆகியவற்றின் செலவு குறையாத நிலையில் காய்கறி விளைவிப்போருக்கு வருவாய் இழப்பாக அமைந்தது.

கூலியின் பெயரளவு மதிப்பும் உண்மை மதிப்பும்

கையில் பெறப்படும் தொகை பெயரளவுக் கூலி எனப்படும். அத்தொகையால் வாங்கக்கூடிய பொருள்களின் அளவு உண்மைக் கூலி எனப்படும். பெயரளவுக் கூலி உயர்ந்தும் உண்மைக் கூலி குறைவது பணவீக்கக் காலத்தில் இயல்பாகும்.

2006 பிப்ரவரியில் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கப்பட்டபோது, முதல் கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தமிழ்நாட்டின் ஆறு மாவட்டங்களுள் திண்டுக்கல்லும் ஒன்று. "நூறு நாள் வேலை" என மக்களால் அழைக்கப்பட்ட இத்திட்டத்தில் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கான நாள்கூலி 80 ரூபாய். 2009 சனவரி முதல் நடுவண் அரசே கூலியை நிர்ணயித்தது. விலைக் குறியீட்டுடன் அது இணைக்கப்படவில்லை. உணவு விலையேற்றம் இரட்டை இலக்கத்தில் இருந்த அக்காலத்தில் கூலியின் வாங்கும் திறன் தேய்ந்தது. 2011 சனவரியில் வேளாண் தொழிலாளர் விலைக் குறியீட்டுடன் கூலி இணைக்கப்பட்டு, தமிழ்நாட்டில் 119 ரூபாயாயிற்று. 2012-13இல் 132 ரூபாயாகவும், 2025-26இல் 336 ரூபாயாகவும் இருந்தது. இத்திட்டத்துக்கு அடிப்படையான சட்டத்துக்கு மாற்றாக 2025 திசம்பரில் வேறு சட்டம் இயற்றப்பட்டது.

132 ரூபாயிலிருந்து 336 ரூபாயாக ஆனது இரண்டரை மடங்கு உயர்வாகத் தோன்றும். எனினும் இதே காலத்தில் பொது நுகர்வோர் விலைக் குறியீடு ஏறத்தாழ இருமடங்கை நெருங்கியது. 2012ஆம் ஆண்டு விலையில் கணக்கிட்டால் 336 ரூபாயின் மதிப்பு ஏறத்தாழ 170 ரூபாய் மட்டுமே. ஆக, 204 ரூபாய் உயர்வில் உண்மையான உயர்வு 40 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகும்; எஞ்சியது விலையேற்றத்தை ஈடுசெய்ததே.

நிலைத்த வருவாய் உடையோர்

பணவீக்கத்தால் மிகுதியாகப் பாதிக்கப்படுவோர், வருவாய் ஒரே தொகையாக நிலைத்திருப்போரே. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2011இல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டு, 2023 வரை அவ்வாறே இருந்தது. 2012இல் 100 எனக் கொள்ளப்பட்ட விலைக் குறியீடு 2023 ஆகத்தில் 186 ஆகியிருந்தது. அதன்படி 1,000 ரூபாயின் வாங்கும் திறன், 2012ஆம் ஆண்டு மதிப்பில் ஏறத்தாழ 540 ரூபாயாகக் குறைந்திருந்தது. 2023இல் ஓய்வூதியம் 1,200 ரூபாயாக்கப்பட்டபோதும், அதன் மதிப்பு பழைய விலையில் ஏறத்தாழ 645 ரூபாயே.

நூற்பாலை முதலிய தனியார் நிறுவனங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் பெறும், ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியமும் இத்தகையதே. 2014 செப்டம்பரில் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட அத்தொகை 2025 வரை உயர்த்தப்படவில்லை. இதற்கு மாறாக, அரசு ஊழியருக்கும் அரசு ஓய்வூதியருக்கும் ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி திருத்தம் கணிக்கப்படுகிறது. ஒரே தெருவில் வாழ்ந்து ஒரே கடையில் அரிசி வாங்கும் இருவரில் ஒருவரது வருவாய் விலையைப் பின்தொடர்கிறது; மற்றவரது வருவாய் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நியாயவிலைக் கடைகள் இப்பாதிப்பை ஓரளவு தணிக்கின்றன. தமிழ்நாட்டில் 2011 சூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. பணமாகத் தரப்படும் உதவியின் மதிப்பை விலையேற்றம் குறைக்கும். பொருளாகத் தரப்படும் உதவியின் அளவை அவ்வாறு குறைக்க இயலாது.

சிறுதொழில்கள்

திண்டுக்கல் பூட்டுகள் கையால் செய்யப்படுபவை. 2019இல் புவிசார் குறியீடு பெற்றவை. இரும்பு, பித்தளை ஆகியவற்றின் விலை உயரும்போது பூட்டின் விலையையும் உயர்த்தினால்தான் கைவினைஞரின் வருவாய் நிலைக்கும். ஆனால் அலிகார் முதலிய இடங்களில் இயந்திரங்களால் செய்யப்படும் மலிவான பூட்டுகளின் போட்டி அதற்குத் தடையாகும். செலவை வாங்குபவர் மீது ஏற்ற இயலாத உற்பத்தியாளர், அதனைத் தமது உழைப்பின் ஊதியத்திலிருந்தே ஈடுகட்ட நேர்கிறது.

சேமிப்பும் கடனும்

வட்டி வீதத்திலிருந்து பணவீக்க வீதத்தைக் கழித்தால் கிடைப்பது ஏறத்தாழ உண்மை வட்டி ஆகும். இந்தியாவில் 2020-21இன் சராசரிப் பணவீக்கம் 6.2 விழுக்காடு. அவ்வாண்டில் 5 விழுக்காடு வட்டியில் ஒரு இலட்சம் ரூபாயை வைப்பில் இட்டவர் ஆண்டு இறுதியில் 1,05,000 ரூபாய் பெற்றிருப்பார். ஆனால் தொடக்கத்தில் ஒரு இலட்சம் ரூபாய்க்குக் கிடைத்த பொருள்களின் விலை 1,06,200 ரூபாயாகியிருக்கும். வட்டி கிடைத்தும் 1,200 ரூபாய் இழப்பாகும்.

மாறா வட்டியில் நெடுங்காலக் கடன் பெற்றவருக்குப் பணவீக்கம் ஓரளவு சாதகமாகும். மதிப்புக் குறைந்த பணத்தால் அவர் கடனைத் திருப்பிச் செலுத்துகிறார். எனினும் அவரது வருவாயும் உயர்ந்தால்தான் இச்சாதகம் உண்மையாகும். மாறும் வட்டிக் கடனுக்கு இது பொருந்தாது.

கட்டுப்படுத்தும் முறைகள்

2016இல் இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, ஆறு உறுப்பினர் கொண்ட பணக்கொள்கைக் குழு அமைக்கப்பட்டது. பணவீக்கத்தை 4 விழுக்காட்டில், இரண்டு விழுக்காடு கூடுதல் அல்லது குறைவு என்னும் எல்லைக்குள், வைத்திருப்பது இலக்காக்கப்பட்டது. 2021இல் இவ்விலக்கு மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

2022 ஏப்ரலில் பணவீக்கம் 7.79 விழுக்காட்டை எட்டியது. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரிக்குள் படிப்படியாக 6.5 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வட்டி உயர்ந்தால் கடன் வாங்குவது குறையும், தேவை தணியும். இதன் சுமையையும் குடும்பங்களே தாங்குகின்றன. 20 ஆண்டுகளுக்குப் பெற்ற 20 இலட்சம் ரூபாய் வீட்டுக்கடனின் வட்டி 7 விழுக்காட்டிலிருந்து 9.5 விழுக்காடானால், மாதத் தவணை ஏறத்தாழ 15,500 ரூபாயிலிருந்து 18,640 ரூபாயாக உயரும்.

வட்டி உயர்வால் மழை பொய்த்த நிலத்தில் தக்காளி விளையாது. அளிப்புக் குறைவால் வரும் விலையேற்றத்துக்குக் குளிர்பதனக் கிடங்கு, பாசனம், சந்தை வசதி, இறக்குமதி வரிக் குறைப்பு போன்ற வேறு நடவடிக்கைகள் தேவைப்படுகின்றன.

மிகைப்பணவீக்கம்

விலைகள் கட்டுக்கடங்காது உயர்வது மிகைப்பணவீக்கம் எனப்படும். 1923இல் செருமனியிலும் 2008இல் சிம்பாப்வேயிலும் இந்நிலை ஏற்பட்டது. அந்த அளவை எட்டாவிட்டாலும், 2022 செப்டம்பரில் இலங்கையின் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி பணவீக்கம் 69.8 விழுக்காடாயிற்று, உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காடாக இருந்தது. இந்தியாவில் மொத்த விலைப் பணவீக்கம் 1974-75இல் ஏறத்தாழ 25 விழுக்காடாக இருந்தது.