செம்பனை எண்ணெயும் புற்றுநோயும்

ரவாங் வட்டாரத் தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களிடம் அண்மையில் ஒரு பாட்டியம்மாள் வந்தார். "செம்பனை எண்ணெயில சமைச்சா புற்று வருமாமே! வீட்டில இருக்கறதக் கொட்டிடவா?" என்று கேட்டார். அவர் மகனோ செம்பனைக் குலை அறுப்பவர்!

இந்தப் பேச்சு ஸ்பெயின் நாட்டிலிருந்து புறப்பட்டது. பார்சிலோனா நகரில் சால்வடோர் அஸ்நார் பெனிட்டா என்னும் அறிஞரின் குழு, மனிதரின் வாய்ப் புற்றணுக்களை எலிகளின் உடலில் வைத்துச் சோதித்து, 2016லும் 2021லும் முடிவுகளை வெளியிட்டது.

எண்ணெய் என்பது பல கொழுப்பு அமிலங்களின் சேர்க்கை. செம்பனை எண்ணெயில் ஏறத்தாழ 44 விழுக்காடு பால்மிடிக் அமிலம். நெய்யிலும் ஆட்டுக் கொழுப்பிலும் இது உண்டு. சில புற்றணுக்களின் மேல் சி.டி.36 என்ற புரதம் இருக்கிறது. அதை வீட்டு வாசல் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாசல் வழியே கொழுப்பை வாங்கிக்கொண்ட அணுக்கள், இருந்த இடத்தை விட்டு உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவின. வாசலை மருந்தால் அடைத்தபோது பரவல் குறைந்தது. செம்பனை எண்ணெய் மிகுந்த தீனியைச் சில காலமே தின்ற எலியின் கட்டியை, சாதாரணத் தீனி தின்னும் எலிக்கு மாற்றி வைத்தார்கள். அப்போதும் அக்கட்டி பரவும் குணத்தை மறக்கவில்லை! ஒலிவ எண்ணெயில் மிகுந்துள்ள ஒலெயிக் அமிலம் இப்படிச் செய்யவில்லை. வேடிக்கை என்னவென்றால், செம்பனை எண்ணெயிலும் அந்த ஒலெயிக் அமிலம் 40 விழுக்காட்டளவு இருக்கிறது.

கொழுப்பினால் புதிதாகப் புற்று உண்டானதாக அவர்கள் சொல்லவில்லை. முன்பே இருந்த புற்றுதான் பரவியது, அதுவும் எலிகளில். மனிதரிடம் இது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே எண்ணெயைக் கொட்ட வேண்டாம் என்றோம். பொரியலையும் வறுவலையும் குறைப்பது இருதயத்துக்கு நல்லது. அது வேறு பேச்சு.

ஆனால் எங்கள் கண் பாட்டியம்மாளின் இடுப்பிலிருந்த சுருக்குப் பையின் மேல் சென்றது. மலேசியாவில் வாய்ப் புற்று இந்தியர்களிடையேதான் அதிகம். வெற்றிலை போடும் பழக்கம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம், புகையிலை சேர்ந்த வெற்றிலை பாக்கு புற்றை உண்டாக்கும் என்று 1985லேயே கூறியது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே கெடுதல் என்று 2004இல் வந்த அறிக்கை சொன்னது. எலிச் சோதனையோடு நின்ற செய்தியன்று இது.

பாட்டியம்மாள் பதில் பேசாமல் பையை முந்தானையால் மூடிக்கொண்டார். ஐம்பது வருடப் பழக்கமாயிற்றே! வாயைத் திறந்து காட்டச் சொன்னோம். வாயில் இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால், அரசாங்கப் பல் மருந்தகத்தில் உடனே காட்டிவிடுங்கள். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.