எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் பணிக்குத் திரும்புதல்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வீடு திரும்பும்போது பெரும்பாலும் கேட்கும் வினா, "எப்போது வேலைக்குப் போகலாம்?" என்பதாகும். லேப்பராஸ்கோப்பி முறையில் வயிற்றின் மேல் உண்டாகும் சிறு காயங்கள் விரைவில் ஆறிவிடுவதால், உள்ளேயும் எல்லாம் சீராகிவிட்டதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் பணிக்குத் திரும்பும் நாளை முடிவு செய்வது வெளிக்காயம் அன்று. உள்ளே தைக்கப்பட்ட இடம் ஆற வேண்டும். வயிற்றுச் சுவர் வலுப்பெற வேண்டும். போதிய நீரையும் புரதத்தையும் உட்கொள்ள இயல வேண்டும். இம்மூன்றையும் கருதியே மருத்துவர் நாள் குறிக்கிறார்.

களைப்பு ஏன் வருகிறது?

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு அகற்றப்படுகிறது. பைபாஸ் முறையில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பை மட்டும் சிறுகுடலுடன் இணைக்கப்படுகிறது. முதல் இரு வாரங்கள் பெரும்பாலும் நீர்ம உணவும், அதன்பின் மசித்த உணவும் தரப்படுகின்றன. இக்காலத்தில் உடலுக்குக் கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. நண்பகலுக்குப் பின் வரும் சோர்வு இதனால் ஏற்படுவதே, சோம்பலால் வருவதன்று. இயலுமாயின், முதல் வாரத்தில் அரைநாள் பணி செய்யுமாறு அமைத்துக்கொள்வது நல்லது.

எந்தப் பணிக்கு எத்தனை வாரம்?

சிக்கலின்றி லேப்பராஸ்கோப்பி முறையில் சிகிச்சை முடிந்திருந்தால், அமர்ந்து செய்யும் அலுவலகப் பணிக்குப் பொதுவாக 2 அல்லது 3 வாரங்களில் திரும்பலாம். நெடுநேரம் நிற்கும் ஆசிரியர்களுக்கும் கடைப் பணியாளர்களுக்கும் 3 முதல் 4 வாரங்கள் தேவைப்படலாம். சுமை தூக்குவோர், கட்டடப் பணியாளர், வேளாண் தொழிலாளர் ஆகியோர் ஏறத்தாழ 6 வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். வயிற்றைத் திறந்து செய்த அறுவையாயின் இக்காலம் இன்னும் நீளும்.

வீட்டு வேலையும் வேலையே. தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, எரிவாயு சிலிண்டர் ஆகியவற்றை 6 வாரம் வரை தூக்கலாகாது. 5 கிலோவுக்கு மேற்பட்ட எடை, துளையிட்ட இடங்களில் குடலிறக்கம் ஏற்படக் காரணமாகலாம். இப்பொறுப்புகளைக் குடும்பத்தினர் முன்னரே பகிர்ந்துகொள்ள வேண்டும்.

திடீரென பிரேக் அழுத்தினாலும் வலிக்காத நிலை வந்த பின்னரே வாகனம் ஓட்டலாம். மயக்கம் தரும் வலிமருந்து உட்கொள்ளும் நாள்களில் ஓட்டக் கூடாது. இருசக்கர வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துவதைச் சில வாரம் பிறரிடம் விட்டுவிடுங்கள்.

நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளின் தேவை அறுவைக்குப் பின் விரைவாகக் குறையக்கூடும். பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரையோ அழுத்தமோ திடீரென இறங்கித் தலைச்சுற்றல் வரலாம். ஓட்டுநர்கள், இயந்திரம் இயக்குவோர், உயரத்தில் பணிபுரிவோர் ஆகியோர் மருந்தளவைச் சரிபார்த்த பின்னரே பணிக்குச் செல்ல வேண்டும்.

பணியிடத்தில் ஒரு நாள்

நீர்: நாளொன்றுக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் வரை, சிறு சிறு மிடறுகளாகப் பருகுங்கள். கழிப்பறை வசதி குறைவென்று நீரைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அறுவைக்குப் பின் அது மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு உடலை வறட்சியடையச் செய்யக்கூடும்.

உணவு: உண்பதற்கு 20 முதல் 30 நிமிடம் ஒதுக்குங்கள். முட்டை, மீன், தயிர், பன்னீர், பருப்பு போன்ற புரத உணவை முதலில் உண்ணுங்கள்; சோறு பிறகு. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. உண்ணும்போதும், உண்டபின் அரைமணி நேரமும் நீர் பருக வேண்டாம்.

இனிப்பு: பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு ஒரு லட்டு கூடப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கலாம். உடன் பணிபுரிவோர் இனிப்பு நீட்டினால், "வயிறு சரியில்லை" என்று சொல்வதே போதும்.

மாத்திரைகள்: இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே 2 மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீர், காபியுடன் விழுங்காதீர்கள். தலைவலிக்கு யாரேனும் தரும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ள வேண்டாம். அவை புண் உண்டாக்கக்கூடும்.

இருக்கை: கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் பணியாளர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே இருக்கை கேட்பது சலுகையன்று, உரிமை.

விடுப்பும் விளக்கமும்

எந்த அறுவை என்பதை அனைவரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மருத்துவச் சான்றில் "வயிற்று அறுவை சிகிச்சை" என்று மட்டும் குறிப்பிடுமாறு மருத்துவரிடம் கேட்கலாம். சுமை தூக்கக் கூடாது என்பதையும் அதில் எழுதி வாங்குங்கள். மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை முடி உதிர்வது பலருக்கும் நேர்வதே. பெரும்பாலும் அது தற்காலிகமானது. "இவ்வளவுதானா சாப்பிட்டாய்?" என்று வீட்டிலுள்ளோர் கேட்காதிருப்பதும் ஓர் உதவியே.

பணியைவிட முதன்மையானவை

காய்ச்சல், அதிகரிக்கும் வயிற்றுவலி, இடது தோள்பட்டை வலி, நிமிடத்திற்கு 120ஐக் கடந்த நாடித்துடிப்பு, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். நீர் கூடத் தங்காமல் வாந்தி தொடர்ந்தால் வைட்டமின் பி1 குறையும். கால் மரத்தல், நடை தள்ளாடல், பார்வை இரட்டையாதல் ஆகியவை அதன் அடையாளங்கள். காலம் தாழ்த்தினால் நரம்புப் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும். அன்றைய பணியை மறுநாள் செய்துகொள்ளலாம். இவ்வறிகுறிகளை மறுநாளுக்குத் தள்ளிவைக்கலாகாது.