சேரியின் கணக்கு: சுரங்க எதிர்ப்பும் கிராம சபையும்

தோழர்களே, மேலவளவு ஈகியரின் நினைவு நாளில் சுரங்கத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்றதும், இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தொடர்பு ஒரு நாற்காலி. ஊராட்சி மன்றத் தலைவரின் நாற்காலி.

1996-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனுவே தாக்கல் செய்ய விடாமல் தடுத்தார்கள், வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அத்தனையையும் மீறித் தலைவரான முருகேசனும் இன்னும் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார்பவர்தான் கிராம சபையைக் கூட்டித் தலைமை ஏற்பவர்.

அதே மேலூர் வட்டத்தில், 27 ஆண்டுகளுக்குப் பிறகு, உலகத்தின் கண் கிராம சபையின் மேல் விழுந்தது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி, கிடாரிப்பட்டி உள்ளிட்ட ஊர்களை உள்ளடக்கிய 2015.51 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் எடுக்க இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வானது. ஒரு காலத்தில் பொதுத்துறை நிறுவனம். 2002-இல் தனியார்மயமாகி இன்று லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வேதாந்தா குழுமத்தின் கையில் இருக்கிறது. அரிட்டாபட்டியோ 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் சுனைகளும் ராஜாளிப் பறவைகளும் உள்ள குன்றுகள். கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரையை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

நாம் மகிழ்ந்தோம். மகிழ வேண்டிய வெற்றிதான். ஆனால் அடுத்த நாள் செய்திகளில் ‘ஊரே திரண்டது’ என்று படித்தபோது நமக்குள் ஒரு கேள்வி எழுந்தது: எந்த ஊர்? தமிழில் ஊர் என்றால் ஊர், சேரி என்றால் சேரி. இரண்டும் ஒன்றல்ல என்பதை நமக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நம் மாவட்டத்துக்கே வருவோம். 2017 பிப்ரவரி 15 அன்று ஒன்றிய அமைச்சரவை 31 இடங்களில் ஹைட்ரோகார்பன் எடுக்க ஒப்புதல் தந்தது. அவற்றில் ஒன்று ஆலங்குடிப் பக்கத்து நெடுவாசல். கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்கு அது ஒதுக்கப்பட்டது. அந்த ஏலக் கொள்கை அந்நிய நிறுவனங்கள் நூறு விழுக்காடு வரை பங்கேற்கவும் வழி விட்டிருந்தது. மறுநாளே போராட்டம் தொடங்கியது. வடகாடு, நல்லாண்டார்கொல்லை, கோட்டைக்காடு என்று பரவியது. மார்ச்சில் வாக்குறுதியை நம்பி நிறுத்தினார்கள். மார்ச் 27 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரலில் மீண்டும் உட்கார்ந்தார்கள். வேலை தொடங்கவே இல்லை. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அப்படியும் 2021 ஜூனில் பக்கத்து வடத்தெருவை மையமாக வைத்து 463.2 சதுர கிலோமீட்டருக்கு மறுபடி ஏலம் அறிவித்தார்கள். முதலமைச்சர் கடிதம் எழுதி எதிர்க்க வேண்டி வந்தது.

இந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். அதற்குள் இருக்கும் ஒரு கணக்கைத்தான் நாம் விளக்க விரும்புகிறோம்.

எண்ணெய்க் கிணறு தோண்ட நிலம் எப்படி எடுக்கப்படுகிறது? நெடுவாசல் பகுதியில் ஓ.என்.ஜி.சி. முன்பு ஆய்வுக் கிணறு போட்டபோது விவசாயிகளிடம் குத்தகையாகத்தான் வாங்கியது. குத்தகை என்றால் பட்டாக்காரருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். பணம் பட்டாவில் பெயர் உள்ளவருக்குப் போகும். அந்தக் கொல்லையில் களை எடுத்தவருக்கு, கீரமங்கலம் சந்தைக்குப் போகும் பூவை விடியற்காலையில் பறித்துக் கொடுத்தவருக்கு, அதில் ஒரு வரி கூட இல்லை. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிக் குடும்பத்தையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று ஒப்புக்கொள்கிறது. நல்ல வரி. ஆனால் நிலம் குத்தகைக்கு எடுக்கப்பட்டால் அந்தச் சட்டம் வாசலுக்கே வராது. ஆக, இழப்பீட்டில் நாம் இல்லை. போராட்டத்தின் முழக்கத்திலோ ‘விவசாயி’ மட்டுமே இருந்தார். நிலம் உள்ளவர்தான் விவசாயி என்றால் அங்கேயும் நாம் இல்லை.

நிலம் ஏன் நம்மிடம் இல்லை என்பதற்கு இந்த மண்ணில் தனிக் கதை உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கையை ஒட்டி 1892-இல் வந்த பஞ்சமி நில ஆணை சென்னை மாகாணத்துக்கானது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் சமஸ்தானம். 1948 மார்ச்சில்தான் இந்தியாவோடு இணைந்தது. மற்ற மாவட்டங்களில் நம்மவர்கள் ‘பறிபோன பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கொடு’ என்று கேட்கிறார்கள். இங்கே பறிபோவதற்கு அந்தக் காகிதமும் இல்லை.

நமக்கு இருந்தது பொது நிலம். மேய்ச்சல், விறகு, கண்மாய்க் கரை. அதையும் காடு என்ற பெயரிலேயே இழந்தோம். புதுக்கோட்டையில் காடு என்று கேட்டால் கண்ணுக்கு எட்டிய தூரம் தைலமரத்தைத்தான் காட்டுவார்கள். வனத்தோட்டக் கழகம் நட்ட மரம். அதன் அடியில் புல் முளைக்காது, ஆடு மேயாது. அந்நிய நிறுவனம் வருவதற்கு முன்பே நம் காடு காகித ஆலைக்கு எழுதிவைக்கப்பட்டுவிட்டது. இதை எதிர்த்து நம் மாவட்டத்தில் குரல் எழாமல் இல்லை. ஆனால் நெடுவாசலுக்குக் கிடைத்த கேமராக்களில் பாதி கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சரி, கிராம சபைக்கு உண்மையில் என்ன அதிகாரம்? இதில் நம் தோழர்களிடையே குழப்பம் இருக்கிறது. எல்லோரும் நியாம்கிரியைச் சொல்கிறார்கள். ஒடிசாவில் அதே வேதாந்தா பாக்சைட் எடுக்க நியாம்கிரி மலையைக் கேட்டது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. ஜூலை முதல் ஆகஸ்ட் வரை 12 கிராம சபைகள், நீதிபதியின் முன்னிலையில், ஒன்று விடாமல் மறுத்தன. 2014 ஜனவரியில் அனுமதி இறுதியாக மறுக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு இரண்டு தூண்களில் நின்றது: அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிக்கான 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதியே கிடையாது. எனவே பெசா இங்கே இல்லை. வன உரிமைச் சட்டம் உண்டு. ஆனால் பழங்குடி அல்லாதவர் அதில் உரிமை கோர மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததை நிறுவ வேண்டும். நியாம்கிரியில் டோங்ரியா கோந்து பழங்குடியினரோடு டோம் என்னும் பட்டியல் சாதியினரும் வாழ்கிறார்கள். ஒரே மலை, ஒரே ஓடை. ஒருவருக்குத் தேவையில்லாத சான்று மற்றவருக்குத் தேவை. குத்தகைச் சீட்டோ வரி ரசீதோ எந்தக் காலத்திலும் தரப்படாத மக்களிடம் 75 ஆண்டுச் சான்று கேட்பதைச் சட்டத்தின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆக, தமிழ்நாட்டில் சுரங்கத்துக்கு எதிரான கிராம சபைத் தீர்மானம் சட்டப்படி தடையாணை ஆகாது. அதிலும் 2023 திருத்தத்துக்குப் பிறகு டங்ஸ்டன் போன்ற 24 முக்கியக் கனிமங்களின் ஏலத்தை ஒன்றிய அரசே நடத்துகிறது. 2020 ஜனவரியிலோ எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே வேண்டாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். இவ்வளவுக்கும் பிறகு அரிட்டாபட்டி வென்றது என்றால், தீர்மானத்தின் பலம் காகிதத்தில் இல்லை, அதன் பின்னால் நிற்கும் ஆட்களில் இருக்கிறது. அந்த ஆட்கள் பாதி ஊராக இருந்தால் பலமும் பாதிதான்.

அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தை அரசியலமைப்பின் அடிப்படை அலகாக்க மறுத்ததைப் பெருமையோடு சொன்னார். கிராமம் அவருக்குச் சாதியின் கூடாரம். இன்று நாம் கிராம சபையை ஆயுதம் என்கிறோம். அவர் பெயரைச் சொல்பவர்கள் இந்த முரணை மறைத்துப் பேசக்கூடாது. நம் கருத்து இதுதான்: 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம், தலைவர் பதவியில் நமக்கு இட ஒதுக்கீட்டைச் சேர்த்ததால்தான் அந்தச் சபையை நம்முடையது என்று உரிமை கோர முடிகிறது. ஒதுக்கீடு இல்லாத கிராம சபை பழைய ஊர்க்கூட்டம்தான். மேலவளவில் சிந்திய இரத்தம் அந்த வேறுபாட்டுக்குத் தந்த விலை.

நம் மாவட்டத்தில் வேறுபாடு எவ்வளவு மெலிதாக இருக்கிறது என்பதற்கு வேங்கைவயல் சாட்சி. முத்துக்காடு ஊராட்சி. 2022 டிசம்பர் 26 அன்று நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரிந்தது. விசாரிக்கப் போன ஆட்சியர் அங்கே இரட்டைக் குவளையையும் கோயில் நுழைவு மறுப்பையும் பார்த்தார். ஈராண்டு விசாரித்த பிறகு, பாதிக்கப்பட்ட குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. ‘நம் தண்ணீரைக் காப்போம்’ என்று கிராம சபையில் தீர்மானம் வாசிக்கும்போது, ‘நம்’ என்ற சொல் எந்தத் தொட்டி வரை நீளும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. வேளாண் மண்டலச் சட்டமும் நம் மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்துக்குத்தான். வேங்கைவயல் இருக்கும் அன்னவாசல் ஒன்றியம் அதில் இல்லை.

போராட்டத்தைப் புறக்கணிக்கலாமா என்று கேட்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். பட்டாக்காரரின் சண்டையில் நமக்கு என்ன என்பது அவர்கள் வாதம். நாம் உடன்படவில்லை. நிலத்தடி நீர் கெட்டால் பட்டாக்காரர் குத்தகைப் பணத்தோடு திருச்சிக்குப் போகலாம். சேரிக்குப் போக்கிடம் திருப்பூர்தான். முதலில் வேலை இழப்பதும் கடைசியில் ஊரை விட முடிவதும் நாம்தான். அதனால் போக வேண்டும். போவது வேறு, கணக்கில் எழுதப்படாமல் போவது வேறு.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு புதுக்கோட்டையிலும் மதுரையிலும் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடத்தாமல் தனி அலுவலரை உட்கார வைத்திருக்கிறார்கள். முருகேசன் உயிர் கொடுத்த நாற்காலி நம்மிடமும் இல்லை, அவர்களிடமும் இல்லை. கிராம சபை கூடுவதோ நிற்கவில்லை. அடுத்தது ஆகஸ்ட் 15. 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் குறைவெண் நிரம்பிவிடும். அந்த நூறும் ஒரே தெருவிலிருந்து வந்துவிட முடியும். எனவே போகும்போது மூன்று தாள்களோடு போவோம். எந்தக் கொல்லையில் ஆண்டுக்கு எத்தனை நாள் கூலி வேலை செய்கிறோம் என்பது ஒன்று. மேய்ச்சல், விறகு, சுடுகாட்டுப் பாதை இவற்றின் புல எண் ஒன்று. நம் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி, கை பம்பு, அவற்றின் ஆழம் ஒன்று. சுரங்கத்தை எதிர்க்கும் தீர்மானம் வாசிக்கப்படும்போது இந்த மூன்றையும் அதன் இணைப்பாகச் சேர்க்கச் சொல்வோம். தீர்மானப் புத்தகத்தில் அவை எழுதப்பட்டதைக் கண்ணால் பார்த்து, நம் கையெழுத்தைப் போட்டு, கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்ட பிறகே எழுந்து வருவோம்.