கட்டணமில்லா இணையப் புனைவு

கட்டணமில்லா இணையப் புனைவு என்பது எழுத்தாளர் ஒருவர் பதிப்பகத்தின் துணையின்றித் தாமே இணையத்தில் வெளியிட்டு, எவரும் விலையின்றிப் படிக்க இசைவளிக்கும் சிறுகதை, புதினம் முதலிய ஆக்கங்களைக் குறிக்கும். தமிழில் இதற்குரிய மிகப்பெரிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் நாகர்கோவிலிலிருந்து எழுதப்பட்டது.

பின்னணி

இணையத்திற்கு முன்னரும் எழுத்தாளர்கள் தம் நூல்களைத் தாமே வெளியிட்டதுண்டு. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகம்மது மீரான் (1944–2019) தமது முதல் புதினமான ஒரு கடலோர கிராமத்தின் கதையை 1988 இல் சொந்தப் பதிப்பாகக் கொண்டுவந்தார். பின்னாளில், 1997 இல், சாய்வு நாற்காலி என்னும் புதினத்திற்காகச் சாகித்திய அகாதமி விருது பெற்றார். அச்சுக்கூலி, தாள், விற்பனை ஆகிய சுமைகள் அனைத்தும் அக்காலத்தில் ஆசிரியரையே சார்ந்திருந்தன. இணையம் இச்சுமையைப் பெரிதும் நீக்கியது. எனினும், தரமானதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பதிப்பாசிரியரிடமிருந்து வாசகருக்கு மாறியது.

வெண்முரசு

நாகர்கோவிலில் வசிக்கும் ஜெயமோகன், மகாபாரதத்தை மீள எழுதிய வெண்முரசு புதின வரிசையை 2014 சனவரி 1 அன்று தமது இணையத்தளத்தில் தொடங்கினார். முதற்கனல் முதல் முதலாவிண் வரை 26 புதினங்களைக் கொண்ட இவ்வரிசை, நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வெளிவந்து 2020 சூலையில் நிறைவடைந்தது. அச்சு நூல்களாக விற்கப்பட்டபோதும், இணைய வடிவம் கட்டணமின்றியே வழங்கப்பட்டது. இவரது அறம் வரிசைச் சிறுகதைகளும் 2011 இல் முதலில் இணையத்திலேயே வெளியாயின. நீண்ட புதினத்திற்குப் பழகாதோர் இக்கதைகளிலிருந்து தொடங்கலாம்.

பிற வாயில்கள்

ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் என்னும் தன்னார்வத் திட்டம், ஆசிரியர்களின் இசைவு பெற்று, படைப்பாக்கப் பொதுமங்கள் உரிமத்தில் மின்னூல்களை வெளியிடுகிறது. இவை கைப்பேசியிலும் மின்னூல் படிப்பானிலும் படிக்கத்தக்க வடிவங்களில் கிடைக்கின்றன. 2014 இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட பிரதிலிபி தளத்தில் புதிய எழுத்தாளர்கள் தாமே கதைகளைப் பதிவேற்றலாம். அமேசான் கிண்டிலில் தம் நூலை அத்தளத்திற்கே உரியதாகப் பதிவு செய்யும் ஆசிரியர், 90 நாட்களுக்கு ஐந்து நாட்கள் வரை அதனை இலவசமாக வழங்க இயலும்.

தேர்ந்தெடுக்கும் முறை

பதிவிறக்க எண்ணிக்கையும் நட்சத்திர மதிப்பீடும் ஒரு கதை எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதையே காட்டும். அதன் தரத்திற்குச் சான்றாகா. பின்வருவன கூடுதல் பயன் தரும்:

* முதல் சில பக்கங்களைப் படித்து, மொழியும் கதைக்களமும் ஆசிரியருக்கு உரியனவாக உள்ளனவா எனக் காணுதல். நாஞ்சில் நாட்டுக் கதையாயின் அப்பகுதியின் வயல், கடல், பேச்சு வழக்கு ஆகியன கதையோடு இயைந்து வருகின்றனவா என நோக்கலாம்.
* ஒரு கதை பிடித்திருந்தால், அதே ஆசிரியரின் பிற ஆக்கங்களையும் அவர் பரிந்துரைக்கும் எழுத்தாளர்களையும் தேடுதல்.
* திண்ணை, சொல்வனம் முதலிய இணைய இதழ்களின் பழைய இதழ்களைப் பார்த்தல். இவற்றில் ஆசிரியர் குழு ஏற்கனவே ஒரு தேர்வைச் செய்துள்ளது.
* எழுத்துக்களை வெவ்வேறு வகையில் எழுதித் தேடுதல். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைந்த பக்கங்கள் தேடுபொறிகளில் எளிதில் அகப்படுவதில்லை.

பதிப்புரிமை

இலவசமாகப் படிக்கக் கிடைப்பது வேறு. படியெடுக்கும் உரிமை வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன்படி ஆசிரியர் மறைந்த ஆண்டிற்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். எடுத்துக்காட்டாக, 2005 இல் மறைந்த நாகர்கோவில் எழுத்தாளர் சுந்தர ராமசாமியின் நூல்கள் 2065 இறுதி வரை உரிமைக்குட்பட்டவை. அத்தகைய நூல்களை இசைவின்றி ஒளிவருடிப் பரப்பும் கோப்புகள் இலவச இலக்கியம் ஆகா. ஆசிரியர் தாமே வழங்கியதா, வேறொருவர் இசைவின்றி எடுத்துப் பரப்பியதா என்பதைப் பதிவிறக்கும் முன் அறிந்துகொள்வது வாசகரின் முதற்கடமையாகும்.