ஓடும் தார், நிற்கும் பஸ்

தார் திடப்பொருளா, திரவப்பொருளா என்று மாணவரொருவரை வினவினால், திடப்பொருளே என்று தயங்காது விடையிறுப்பார். 1927ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தோமஸ் பானெல், தாரின் இனமான கீலை உருக்கிப் புனலொன்றில் ஊற்றினார். அக்கீல் சுத்தியலால் அடித்தாற் கண்ணாடி போற் சிதறும். 1930இல் புனலின் நுனியை வெட்டித் திறந்தார். 2014 வரை விழுந்தவை ஒன்பதே துளிகள்! ஆகவே, எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு நேரத்தில் ஓடும் என்றே நாம் தாரைப் பற்றி வினவுதல் வேண்டும்.

வெள்ளவத்தையிற் காலி வீதி வழியே நடக்கும்போதெல்லாம் நான் நோக்குவது பஸ் தரிப்பிடங்களையே. விரைந்து செல்லும் பஸ் தார் நகர்வதற்கு நேரமளிப்பதில்லை. சற்றே அமிழ்ந்த வீதி பெரும்பாலும் பழைய நிலைக்கு மீள்கின்றது. நிற்கும் பஸ்ஸோ தன் பாரத்தை அதன்மேல் ஊன்றி வைக்கின்றது. தார் மெல்ல நகர்கின்றது, நகர்ந்தது திரும்புவதில்லை. சக்கரத் தடம் பள்ளமாக, அருகே வரப்பு எழுகின்றது. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் துறைமுகத்து லொறிகள் காத்து நிற்கும் இடங்களுக்கும் இதே விதிதான்.

வீதிக்குரிய பெற்றோலியத் தாரை நிபுணர் ஊசியால் அளப்பர். 25 பாகை செல்சியசில், 100 கிராம் நிறையுடன் ஊசி 5 செக்கனில் 6 முதல் 7 மில்லிமீற்றர் இறங்கினால், அது 60/70 தரம். இத்தார் ஏறத்தாழ 50 பாகையில் இளகும். நண்பகல் வெயிலிற் கொழும்பின் கரிய வீதி அவ்வெல்லையைத் தொடவல்லது.

இதற்கு மாற்றாகவே சேர்மானங்கள் வந்தன. ரப்பரும் செயற்கைப் பல்பகுதியங்களும் தாரினுள் வலைபோற் பின்னி, அமிழ்ந்ததை மீட்கும் வலுவைத் தருகின்றன. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்திக்கைச் சூடான சல்லியின்மேல் உருகிப் படியச் செய்து, பின் தார் கலக்கும் முறையை வகுத்தார். 2018இற் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆயினும் கடினமாக்குவதற்கும் எல்லையுண்டு. தார் வெயிலும் காற்றும் பட்டு ஆண்டுதோறும் தானே இறுகுவது. அளவு மிஞ்சி இறுகினால் வெடிக்கும்.

நீண்ட வீதி முழுவதற்கும் ஒரே கலவை இடுவது கணக்குக்கு எளிது. ஆனால் வண்டி ஓடுமிடமும் நிற்குமிடமும் தாருக்கு ஒன்றல்ல. தரிப்பிடத்துக்கென வலிய கலவை இட்டால், பஸ்ஸிலிருந்து இறங்கும் முதியவரின் கால் பள்ளத்தில் இடறாது, மழைநீரும் தேங்காது. ஆசிரிய அன்பர்கள் மாணவரை ஒருநாள் அங்கே அழைத்துச் செல்லலாம். பிசுக்குமை என்னும் சொல்லின் பொருள் அச்சக்கரத் தடத்திலே தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றது.