மலைப்பாதையும் சிறு மோட்டார் சைக்கிளும்

கிராமப் பொருளாதாரம் செழிப்பதற்கு நிலமும் நீரும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாதது போக்குவரவு வசதி. விளைந்த பொருள் உரிய காலத்தில் சந்தையை அடையாவிடில் விளைந்தும் பயனில்லை. சமவெளிக் கிராமங்களில் ஓரளவு மறைந்து கிடக்கும் இவ்வுண்மை, மலைநாட்டில் அன்றாடம் கண்முன் நிற்கிறது. சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் சிறு மோட்டார் சைக்கிளுக்கு ஏற்பட்டுள்ள தேவை எத்தகையது, அதனை வாங்கும் குடியானவர் எவற்றைக் கருத வேண்டும், பஞ்சாயத்துகள் செய்யத்தக்கது யாது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

மலையின் தேவை

கடல் மட்டத்திற்குச் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது ஏற்காடு. சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. முதன்மை மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குப்பனூர் வழியாக மற்றொரு பாதையும் உண்டு. ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில் ஏற்காடு, நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம், மாரமங்கலம், வேலூர், வெள்ளக்கடை, தலைச்சோலை, மஞ்சக்குட்டை ஆகிய 9 ஊராட்சிகள் அடங்கியுள்ளன. இவற்றுக்குட்பட்ட சிற்றூர்கள் சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் சிதறிக் கிடக்கின்றன. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என வழங்கும் பழங்குடி மக்கள்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அன்று முதல் காப்பியும், பின்னர் மிளகும், ஆரஞ்சும், பலாவும் இம்மலையின் செல்வமாயின. பெரிய தோட்டக்காரருக்கு ஜீப்பும் லாரியும் உண்டு. ஓரிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியின் நிலை வேறு. அவர் ஒரு மூட்டை மிளகை விற்கவோ, உரம் வாங்கவோ, நோயுற்ற குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவோ வேண்டுமாயின், பேருந்து வரும் நேரத்தை எதிர்நோக்கியிருக்க வேண்டும்; பேருந்து நிற்குமிடம் வரை நடக்கவும் வேண்டும். இந்த இடைவெளியைத்தான் சிறு மோட்டார் சைக்கிள் நிரப்புகிறது. ஆகவே, மலைநாட்டில் இவ்வண்டிக்கு உள்ள தேவையை ஆடம்பரத் தேவையாகக் கருதுவது பொருந்தாது. வயலுக்கும் சந்தைக்கும் இடையே ஓர் இணைப்பு வேண்டும் என்பதே அதன் பொருள்.

வண்டி வந்த வரலாறு

1950களின் நடுப்பகுதியில் சென்னைத் திருவொற்றியூரில் என்பீல்டு தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அங்கு உருவான 350 சி.சி. புல்லட் வண்டி வலிமை மிக்கதாயினும், சாதாரணக் குடியானவரின் கைக்கு எட்டாததாகவே இருந்தது. பின்னர் வந்த ஜாவா 250 சி.சி. அளவும், ராஜ்தூத் 175 சி.சி. அளவும் உடையவை. சி.சி. என்பது இயந்திரத்தின் உருளையில் உந்துதண்டு நகரும் இடத்தின் கொள்ளளவைக் குறிக்கும். அது கூடினால் வலிமை கூடும். பெட்ரோல் செலவும் விலையும் பொதுவாகக் கூடும்.

சிறு வண்டிகளின் காலம் தொடங்கிய இடங்களுள் ஒன்று நமக்கு அண்மையிலேயே உள்ளது. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரியும் வரை சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த ஓசூரில், 1980ஆம் ஆண்டு டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் உற்பத்தியாயிற்று. 1984இல் அதே ஊரில் ஜப்பானிய சுசுகி நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையுடன் 100 சி.சி. மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா நிறுவனத்தின் சி.டி. 100 சந்தைக்கு வந்தது. நான்கு வீச்சு இயந்திரம் உடைய இவ்வண்டி, பெட்ரோலைச் சிக்கனமாகச் செலவிட்டமையால் நாடெங்கும் செல்வாக்குப் பெற்றது. 1994இல் வந்த ஸ்பிளெண்டர் அவ்வழியைத் தொடர்ந்து சிற்றூர்களெல்லாம் பரவிற்று. இன்றும் 100 சி.சி. வண்டியை நாடுவோர் முதலில் கேட்பது அதன் வேகத்தையன்று. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதையே.

விலை ஏற்றமும் இறக்கமும்

குறைந்த வருமானம் உடையோர் வாங்கும் பொருளுக்கு ஒரு தன்மை உண்டு. விலை சிறிது உயர்ந்தாலும் தேவை பெரிதும் சுருங்கிவிடும். 2018-19ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 2 கோடியே 12 லட்சம் இருசக்கர வண்டிகள் விற்பனையாயின. 2021-22இல் அத்தொகை 1 கோடியே 35 லட்சம் அளவுக்கு வீழ்ந்தது. பெருந்தொற்று ஒரு காரணம். அதற்கு முன்பே விலையேற்றமும் தொடங்கியிருந்தது. 2018 செப்டம்பர் முதல் புது வண்டிக்கு 5 ஆண்டுக் காப்பீட்டை ஒருசேரச் செலுத்த வேண்டியதாயிற்று. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு இணைப்புத் தடை அமைப்பு கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்ததால், பழைய கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருள் பீய்ச்சும் அமைப்பு இடம்பெற்றது. இவை யாவும் பாதுகாப்புக்கும் நலவாழ்வுக்கும் உகந்தனவே. எனினும், விலையில் ஏறிய ஒவ்வோர் ஆயிரம் ரூபாயும் கடைசிப் படியில் நின்ற வாடிக்கையாளரைக் கடையிலிருந்து திருப்பி அனுப்பிற்று.

பின்னர் நிலைமை படிப்படியாகத் தேறியது. 2024-25இல் விற்பனை 1 கோடியே 96 லட்சத்தை எட்டிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கான சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் 50,000 ரூபாய் விலையுள்ள வண்டிக்கு முன்பு 14,000 ரூபாய் வரி. குறைப்புக்குப் பின் 9,000 ரூபாய். இந்த 5,000 ரூபாய் மிச்சம் சிறு விவசாயிக்குச் சிறு தொகையன்று.

மலை ஏறும் இயந்திரம்

சமவெளியில் நன்கு ஓடும் வண்டி மலையிலும் அவ்வாறே ஓடும் என்று எண்ணலாகாது. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். சேலத்தைவிட ஏற்காட்டில் அது பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைவு. இயந்திரத்தின் வலிமையும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறையும். 100 சி.சி. மோட்டார் சைக்கிளின் திறன் சுமார் 8 குதிரைத் திறன். மலைமேல் அதனை 7 என்றே கொள்ளலாம். டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 போன்ற மொபெட்டின் திறன் 4 குதிரைத் திறனுக்குச் சற்றே மேல். குறைந்த தூரத்தில், அளவான சுமையோடு, மெதுவாகச் செல்வோருக்கு அது போதும். இருவர் அமர்ந்து நாள்தோறும் சேலம் சென்று திரும்புவதாயின், கியர் உள்ள 100 அல்லது 110 சி.சி. வண்டியே ஏற்றது.

சுமையைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் ஓட்டுபவரையும் சேர்த்துச் சுமார் 130 கிலோ எடையைத் தாங்குவதற்கே வகுக்கப்பட்டவை. 60 கிலோ எடையுள்ளவர் ஓட்டினால், 50 கிலோ மூட்டை ஒன்றே அதற்குத் தகுந்த சுமை. இரண்டாவது மூட்டையை ஏற்றுவது வண்டிக்கும் உயிருக்கும் கேடு.

ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்து மிக்கது. பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணி, இறக்கத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உருள விடுவோர் உண்டு. அப்போது வண்டியின் முழு வேகத்தையும் தடைகளே தாங்க நேரிடும். அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவதுதான் முறை. அவ்வாறு இறங்கினால் இயந்திரமே வேகத்தைக் கட்டுப்படுத்தும். எரிபொருள் பீய்ச்சும் அமைப்புள்ள புதிய வண்டிகளில், முறுக்கியை மூடி இறங்கும்போது பெட்ரோல் செலவு பெரும்பாலும் தானே நின்றுவிடுகிறது. ஆகவே, இயந்திரத்தை நிறுத்துவதால் மிச்சப்படுவது ஏதுமில்லை.

தவணைக் கணக்கு

இனி, குடியானவர் மிகவும் கவனிக்க வேண்டிய செய்திக்கு வருவோம். பலரும் தவணைக் கடனிலேயே வண்டி வாங்குகின்றனர். தவணையோ மாதந்தோறும் வருவது. காப்பி அறுவடையோ பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடைபெறுவது. ஆண்டில் சில மாதங்களே கையில் பணம் புழங்கும் குடும்பம், 12 மாதமும் தவணை கட்ட நேரும்போது, இடையில் வட்டிக்கு வாங்கி வட்டியைக் கட்டும் நிலைக்கு ஆளாகிறது. தவணை தவறினால், உழைத்துக் கட்டிய பணத்தோடு வண்டியும் கைவிட்டுப் போகக்கூடும்.

வட்டி வீதத்தையும் தெளிந்துகொள்ள வேண்டும். 60,000 ரூபாய் கடனுக்கு 3 ஆண்டுக்கு 10 விழுக்காடு நிலை வட்டி என்று சொன்னால் அது குறைவாகவே தோன்றும். வட்டி 18,000 ரூபாய்; மாதத் தவணை ஏறத்தாழ 2,167 ரூபாய். ஆனால், மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வரும்போதும் முழு அசலுக்கும் வட்டி கணக்கிடப்படுகிறது. குறையும் நிலுவையின் மீது கணக்கிட்டால் இது ஏறத்தாழ 18 விழுக்காடாகும். 2024 அக்டோபர் முதல், இத்தகைய கடன்களுக்கு மொத்தச் செலவையும் உண்மையான ஆண்டு வீதத்தையும் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் தருவோர் வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. கடன் பெறுவோருக்கு விளங்கும் மொழியில் அது இருத்தல் வேண்டும். அதனைக் கேட்டு வாங்கிப் படித்த பின்னரே கையெழுத்திடுதல் நன்று.

பெட்ரோல் செலவையும் முன்னரே கணக்கிட வேண்டும். மலைப்பாதையில் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுவதாகவும், பெட்ரோல் விலை லிட்டர் 100 ரூபாய் என்றும் கொண்டால், சேலம் சென்று திரும்ப 120 ரூபாய் ஆகும். மாதம் 10 முறை சென்றால் 1,200 ரூபாய். தவணையும் சேர்ந்து 3,367 ரூபாய். வண்டியால் கூடும் வருமானமும் மிச்சப்படும் நேரமும் இத்தொகைக்கு ஈடாகுமா என்பதை வீட்டில் உள்ள பெண்டிரையும் கலந்து முடிவு செய்வதே அறிவுடைமை.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

முதலாவதாக, டிராக்டர் கடனுக்கு அறுவடைக் காலத்தை ஒட்டி அரையாண்டுத் தவணை வகுக்கும் வழக்கம் வங்கிகளில் உண்டு. சிறு விவசாயியின் மோட்டார் சைக்கிளும் விளைபொருளைச் சுமக்கும் கருவியே. அதற்கும் அத்தகைய தவணையை அளிக்குமாறு வங்கிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் கிராம சபைத் தீர்மானத்தின் வாயிலாக வேண்டலாம்.

இரண்டாவதாக, சிற்றூர்ச் சாலைகளின் ஓர வடிகால்களை மழைக்கு முன்பே சீர்செய்ய வேண்டும். நான்கு சக்கர வண்டி தாண்டிச் செல்லும் சேறும் சரளையும் இருசக்கர வண்டியைச் சறுக்கி வீழ்த்திவிடும்.

மூன்றாவதாக, ஊர் இளைஞர் சிலர் தொழிற்பயிற்சி நிலையங்களில் வண்டி பழுதுபார்க்கும் கலையைப் பயில ஊக்குவிக்க வேண்டும். புதிய வண்டிகளின் மின்னணுப் பாகங்களைச் சோதிக்கத் தெரிந்தவர் அருகில் இல்லாவிடில், சிறு பழுதுக்கும் வண்டியைச் சேலத்துக்கு ஏற்றிச் செல்ல நேரிடும். அன்றைய கூலியும் போகும்.

நான்காவதாக, ஓட்டுநர் உரிமம், தலைக்கவசம் ஆகியவற்றின் இன்றியமையாமையை எடுத்துரைக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, உரிய வயதடையாத சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு.

சிறு வண்டிக்கான தேவை மலையில் இன்னும் பெருகும் என்பதில் ஐயமில்லை. அத்தேவை குடும்பத்தைக் கடனில் ஆழ்த்துமா, அன்றி அதன் விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்குமா என்பது, வாங்குவதற்கு முன் செய்யும் கணக்கையும், தவணையைப் பயிர்க்காலத்தோடு பொருத்தப் பஞ்சாயத்துகள் எடுக்கும் முயற்சியையும் பொறுத்ததாகும். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இப்பொருளை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.