பெயர் போனது, தலை நின்றது

தலை மட்டும்தான். உடல் இல்லை, கைகால் இல்லை. 7 மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரம், ஏறத்தாழ 40 டன் எடை, முழுக்க வெண்கலம். கிரானைட் பீடத்தையும் சேர்த்தால் 13 மீட்டர். ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், சாக்சனி மாநிலத்தின் கெம்னிட்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கார்ல் மார்க்ஸின் இந்தத் தலையைப் பார்த்துவிடலாம். பீடத்தை ஒட்டி நின்றால் தாடிதான் தெரியும். முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அகலமான அந்தச் சாலையின் எதிர்ப்பக்கத்துக்குப் போக வேண்டும்.

மார்க்ஸ் இந்த ஊரில் பிறந்தவரும் அல்லர், வாழ்ந்தவரும் அல்லர். அவர் 1818இல் பிறந்தது நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள ட்ரியரில். அவர் பெயர் கெம்னிட்ஸுக்கு வந்ததே ஒரு சுற்றுவழியில்தான். 1953ஐ மார்க்ஸ் ஆண்டாக அறிவித்த கிழக்கு ஜெர்மனி அரசு, போலந்து எல்லையருகே புதிதாக எழுந்த இரும்பாலை நகரத்துக்குத்தான் முதலில் அவர் பெயரைச் சூட்ட நினைத்தது. அந்த மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். இரும்பாலை நகரம் அவர் பெயருக்குப் போக, மார்க்ஸ் கெம்னிட்ஸுக்கு வந்தார். மே 10 முதல் ஊர் கார்ல் மார்க்ஸ் நகரம் ஆனது. ஊராரைக் கேட்டு வைத்த பெயரல்ல.

ஆனாலும் பொருந்தாத பெயர் என்று சொல்லிவிட முடியாது. கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பதுபோல இந்த ஊரைச் சாக்சனியின் மான்செஸ்டர் என்பார்கள். நூற்பாலைகளும் எந்திரத் தொழிற்சாலைகளும் வளர்த்த ஊர். ஆலைச் சங்குக்கு எழுந்து ஓடிய தொழிலாளர்களின் ஊர். 1945இல் குண்டுவீச்சில் நகர மையம் நொறுங்கியது. அந்த வெற்றிடத்தில் அகலச் சாலைகளும் மாடிக் கட்டடங்களும் எழுந்தன. அவற்றுக்கு நடுவே சோவியத் சிற்பி லெவ் கெர்பெல் செய்த தலை 1971 அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்டது. லெனின்கிராடில் வார்த்து, துண்டுதுண்டாகக் கொண்டுவந்து இங்கே ஒட்டவைத்தார்கள். பின்னாலுள்ள கட்டடச் சுவரில், 1848இல் மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையின் இறுதி அறைகூவலான ‘உலகத் தொழிலாளர்களே, ஒன்றுசேருங்கள்’ என்பது ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன் என நான்கு மொழிகளில் இருக்கிறது.

அன்று அந்தச் சாலைக்கும் மார்க்ஸ் பெயர்தான். விழா நாள் ஊர்வலங்கள் அங்கே நடந்தன. கொடியும் கோஷமும் மேலிடத்திலிருந்து வந்தன. தன் காலத்து அரசுகளையெல்லாம் கேள்விகேட்ட ஒருவரின் முகத்துக்கு முன்னால், சொந்த அரசைக் கேள்விகேட்க முடியாத தொழிலாளர்கள் நடந்தார்கள். அவருக்கு இதைவிடப் பெரிய அநீதி செய்ய முடியாது என்றே நினைக்கிறேன்.

பெர்லின் சுவர் இடிந்த பிறகு, 1990 ஏப்ரலில் ஊராரைக் கேட்டார்கள். வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 76 பேர் பழைய பெயரே வேண்டும் என்றார்கள். ஜூன் 1 முதல் மீண்டும் கெம்னிட்ஸ். இடைப்பட்ட 37 ஆண்டுகளில் அங்கே பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழில் மட்டும் இன்றும் கார்ல் மார்க்ஸ் நகரம் இருக்கிறது.

பெயரோடு தலையும் போயிருக்கும். பெர்லினில் அதுதான் நடந்தது: 19 மீட்டர் லெனின் சிலையை 1991இல் தொடங்கித் துண்டுகளாக்கிக் காட்டில் புதைத்தார்கள், தலையை மட்டும் 2015இல் தோண்டியெடுத்து அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். கெம்னிட்ஸிலும் தலையை அகற்றச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஊர் அதை விடவில்லை. இதற்குள் அதற்கு ‘நிஷெல்’ என்று செல்லப்பெயரும் வந்துவிட்டிருந்தது. உள்ளூர்ப் பேச்சில் ‘மண்டை’ என்று பொருள். ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. வேலை தேடி இளைஞர்கள் மேற்கே போனார்கள். மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை இன்று சுமார் இரண்டரை லட்சம். முதலாளித்துவம் என்ன செய்யும் என்று தலைக்கு உரியவர் எழுதியதை, கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகுதான் இந்த ஊர் தன் உடம்பில் உணர்ந்தது. ஊரின் சேமிப்பு வங்கி 2012இல் அவர் முகத்தை அச்சிட்டுக் கடன் அட்டையே வெளியிட்டது. வாடிக்கையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்த படம்தான். இருந்தும் எனக்கு அது வருத்தமே.

2018 ஆகஸ்டில் ஊர்த் திருவிழாவின்போது ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் புகலிடம் தேடி வந்தவர்கள் என்ற செய்தி பரவியதும் தீவிர வலதுசாரிகள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அவர்கள் கூடிய இடம் இந்தத் தலையின் அடிதான். வெளிநாட்டவர்களை வெளியேற்று என்ற முழக்கம் அங்கே எழுந்தது. சில நாளில், செப்டம்பர் 3 அன்று, வெறுப்புக்கு எதிரான இசை நிகழ்ச்சிக்கு நகர மையத்தில் 65,000 பேர் வந்தார்கள்.

அந்த முழக்கம் யார் காலடியில் எழுந்தது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. மார்க்ஸ் 1845இல் பாரிசிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அதே ஆண்டு பிரஷ்யக் குடியுரிமையைத் துறந்தவர். 1848இல் பிரஸ்ஸல்ஸ் விரட்டியது. 1849இல் பிரஷ்யாவும், பாரிஸ் மறுபடியும். லண்டனில் அகதியாக ஒதுங்கி, வறுமையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தார். 1874இல் பிரிட்டிஷ் குடியுரிமை கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1883இல் நாடற்றவராகவே இறந்தார். ஹைகேட் கல்லறையில் அவரை அடக்கம் செய்யப் பத்துப் பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். 40 டன் வெண்கலம் இந்த மனிதரை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. உறுதி தெரிகிறது, வாடகை பாக்கியும் நாடுகடத்தல் ஆணையும் தெரிவதில்லை.

2025இல் கெம்னிட்ஸ் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரம் ஆனது. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் உத்தரவுக்குக் கூடிய தலையடியில் இன்று அவரவர் விருப்பத்துக்குக் கூடுகிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். அரசியல் சிந்தனையாளர் ஒருவரின் நினைவுச் சின்னம் அப்படித்தான் இருக்க வேண்டும். எனக்கு ஓர் ஆசை மட்டும் உண்டு. சுவரிலுள்ள அந்த அறைகூவலை அரபியிலும் உக்ரைனியத்திலும் எழுதிச் சேர்க்கலாம். பீடத்துக் கிரானைட் உக்ரைனிலிருந்து வந்ததுதான். இன்று சிரியாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்தவர்கள் இந்நாட்டு ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்கிறார்கள்.